எம்.ஜி.டி.யில் வரும் கேலனும் ஜி.பி.டி.யில் வரும் கேலனும் ஒன்றா? (குடியிருப்பின் ஆர்.ஓ. கருவிக்கான கணக்கு)

மயூர்விஹார்வாசி எழுதியது:

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூறு வீடுகள் உள்ளன. வீட்டுக்கு நாளொன்றுக்கு இருபது லிட்டர் குடிநீர் என்று வைத்து, அனைவருக்கும் பொதுவாக ஓர் ஆர்.ஓ. கருவியை அமைப்பதென்று நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது. ஆக, நாளொன்றுக்கு 2,000 லிட்டர் தேவை. விலைப்புள்ளி அனுப்பிய விற்பனையாளரோ லிட்டரில் எதையும் குறிப்பிடாமல், கருவியின் திறன் 500 ஜி.பி.டி., அதாவது நாளொன்றுக்கு 500 கேலன், என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

எங்கள் பொருளாளர், எம்.ஜி.டி.யில் (நாளொன்றுக்கு இத்தனை பத்து லட்சம் கேலன் என்று) எழுதப்படும் தில்லியின் குடிநீர்க் கணக்குகளில் ஒரு கேலன் 4.546 லிட்டராகவே கொள்ளப்படுகிறது என்று சொல்லி, 2,273 லிட்டர் கிடைக்கும், வாங்கிவிடலாம் என்கிறார். கைப்பேசியில் கணக்கிட்டால் ஒரு கேலனுக்கு 3.785 லிட்டர் என்று வருகிறது. அப்படியானால் 1,893 லிட்டர்தான், தேவைக்குப் போதாது. அடுத்த ஞாயிறன்று கூட்டம். இரண்டில் எது சரி என்பதைக் காரணத்துடன் விளக்க முடிந்தால் உதவியாக இருக்கும்.

முனிர்கா_இளைஞன் எழுதியது:

கைப்பேசி காட்டுவதுதான் சரி, ஐயா. 4.546 என்பது பிரிட்டனின் பழைய கேலன். அங்கேயே பெட்ரோலை லிட்டரில்தான் விற்கிறார்கள். எங்கே கேலன் என்று கண்டாலும் 3.785ஆல் பெருக்குங்கள், வேலை முடிந்தது.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர் எழுதியது:

மேலே தம்பி கூறியிருப்பதை அப்படியே பின்பற்றினால், ஆர்.ஓ. கருவிக்கு விடை சரியாக வரும். தில்லியின் குடிநீர் பற்றி நாளிதழில் வரும் எல்லா எண்களுக்கும் தவறாக வரும். எந்தக் கேலன் என்று முதலில் தீர்மானிக்காமல் பெருக்கலில் இறங்குவதால் வரும் குழப்பம் இது. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் எழுதினாலும் அது தீராது.

பிரிட்டன் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இம்பீரியல் கேலனை வரையறுத்தது. குறிப்பிட்ட வெப்பநிலையிலும் காற்றழுத்தத்திலும் பத்து பவுண்டு எடையுள்ள தூய நீர் எவ்வளவு இடத்தை அடைக்குமோ, அதுவே ஒரு கேலன். அதுவரை அங்கே திராட்சை மதுவுக்கு ஒன்று, ஏல் என்னும் பீருக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று என வெவ்வேறு கேலன்கள் புழங்கின. அமெரிக்கா அதற்கு முன்பே பிரிந்துபோய்விட்டதால், ஆன் அரசியின் காலத்தில், 1706இல், 231 கன அங்குலம் என்று நிலைபெற்ற மதுக் கேலனையே தன் கேலனாக வைத்துக்கொண்டது. இன்று முன்னது துல்லியமாக 4.54609 லிட்டர், பின்னது 3.785411784 லிட்டர். நம் நாட்டு நீர்ப்பணிகள் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கியவை என்பதால், எம்.ஜி.டி. என்று நம் பொறியாளர்கள் எழுதும் ‘நாளொன்றுக்குப் பத்து லட்சம் கேலன்’ இம்பீரியல் கேலனைக் குறிக்கிறது.

இதை என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. இரண்டு அலகுகளிலும் தரப்பட்டுள்ள எண்களை ஒன்றையொன்று வகுத்துப் பார்த்தால் போதும். சந்திராவல் சுத்திகரிப்பு நிலையத்தின் புதிய திட்டத்தை 105 எம்.ஜி.டி. என்றும், நாளொன்றுக்கு 477 மில்லியன் லிட்டர் என்றும் குறிப்பிடுகிறார்கள். 477ஐ 105ஆல் வகுத்தால் 4.54 வருகிறது. சோனியா விஹார் நிலையத்துக்கு 140 எம்.ஜி.டி., 635 மில்லியன் லிட்டர் என்னும் இரண்டு எண்கள் உள்ளன, அங்கேயும் 4.54க்கு அருகில்தான் வருகிறது. தெஹ்ரி அணையிலிருந்து தில்லியின் குடிநீருக்கு வினாடிக்கு 300 கன அடி என்று சொல்லப்படும் அளவை 162 எம்.ஜி.டி. என்றும் எழுதுகிறார்கள்; அமெரிக்கக் கேலனாக இருந்திருந்தால் அது 194 ஆகியிருக்கும்.

வேறுபாடு சிறியதென்று யாரும் எண்ண வேண்டாம். தில்லிக்கு ஏறத்தாழ 1,000 எம்.ஜி.டி. நீர் வழங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இம்பீரியல் கேலனில் அது 4,546 மில்லியன் லிட்டர். அமெரிக்கக் கேலனில் 3,785 மில்லியன் லிட்டர். இடையில் விடுபடும் 761 மில்லியன் லிட்டர், சோனியா விஹார் நிலையம் முழுவதும் ஒரு நாளில் தருவதைவிட அதிகம்.

இனி ஆர்.ஓ. சவ்வு, அதாவது கருவிக்குள் நீரை வடிகட்டும் படலம். அந்தத் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. சவ்வின் திறனை ஜி.பி.டி.யில் குறிக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே. ஆகவே அதில் உள்ளது அமெரிக்கக் கேலன். இதையும் சரிபார்க்கலாம்: 100 ஜி.பி.டி. சவ்வு கொண்ட வீட்டுக் கருவியின் பெட்டியில் மணிக்கு 15 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். 378.5ஐ 24ஆல் வகுத்தால் 15.8. இம்பீரியல் கேலன் என்றால் ஏறக்குறைய 19 என்று அச்சிட்டிருப்பார்கள்; விற்பவர் யாரும் தம் கருவியின் திறனைக் குறைத்துச் சொல்வதில்லை.

எனவே தில்லியின் குடிநீர்க் கணக்குகளைப் பற்றிப் பொருளாளர் சொன்னது சரி. ஆனால் அந்த எண் இந்தக் கருவிக்குப் பொருந்தாது. உங்கள் 1,893 லிட்டர்தான் சரியான விடை.

துவாரகை_மாணவி எழுதியது:

ஐயா, நான் குடிசார் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நூலகத்தில் உள்ள அமெரிக்கப் பாடநூல், 1 எம்.ஜி.டி. என்பது வினாடிக்கு 1.547 கன அடி என்கிறது. வகுப்பில் எங்களுக்கு 1.86 என்று சொல்லித்தந்தார்கள். இரண்டில் ஒன்று அச்சுப்பிழை என்று எண்ணியிருந்தேன். இதற்கும் காரணம் இதுதானா?

ஓய்வுபெற்ற_ஓவர்சியர் எழுதியது:

இதுவேதான், அம்மா. கேலனை விட்டுவிட்டு லிட்டர் வழியாகச் சென்றால் நீங்களே பெற்றுவிடலாம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று 1959இல் சர்வதேச உடன்பாட்டால் துல்லியமாக நிலைநிறுத்தப்பட்டது. எனவே ஓர் அடி 0.3048 மீட்டர், ஒரு கன அடி 28.3168 லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும், அதாவது 86,400 வினாடிகள், ஓடினால் 24.47 லட்சம் லிட்டர். அதை 4.546ஆல் வகுத்தால் 0.538 மில்லியன் கேலன், 3.785ஆல் வகுத்தால் 0.646. இவற்றின் தலைகீழ்தான் 1.86, 1.547. இரண்டு நூல்களும் சரியே.

ஒரு கன அடிக்கு ஆறேகால் கேலன் என்று பழைய மேஸ்திரிகள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். ஒரு கன அடி நீரின் எடை ஏறக்குறைய 62.4 பவுண்டு, இம்பீரியல் கேலனுக்குப் பத்து பவுண்டு, ஆகவே 6.24; அதைத்தான் ஆறேகால் ஆக்கிக்கொண்டார்கள். அமெரிக்கக் கேலனில் அது ஏழரை. தொட்டியின் கொள்ளளவைப் பற்றிப் பேசும்போது ஒருவர் ஆறேகால் என்றும் மற்றவர் ஏழரை என்றும் சொன்னால், எந்தக் கேலனில் பேசுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கரோல்பாக்_கணக்கர் எழுதியது:

இவ்வளவு தசமங்கள் எதற்கு என்று தோன்றுகிறது. ஐந்து இம்பீரியல் கேலன் ஆறு அமெரிக்கக் கேலனுக்குச் சமம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. மதுப்புட்டி 750 மில்லிலிட்டராக இருப்பதிலும் இந்த விகிதத்தைக் காணலாம். அமெரிக்கர்கள் தங்கள் கேலனில் ஐந்தில் ஒரு பங்கைப் புட்டியில் அடைத்தார்கள், பிரிட்டனில் தங்கள் கேலனில் ஆறில் ஒரு பங்கை. இரண்டும் 757 மில்லிலிட்டரைத் தொட்டு நிற்கின்றன. பின்னர் மெட்ரிக் முறைக்கு மாறியபோது அது 750 ஆக வெட்டப்பட்டது. (எனக்கு இந்தக் கணக்கில் மட்டுமே ஈடுபாடு என்பதை வீட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.)

கச்சா எண்ணெய்ப் பீப்பாயும் இவ்வாறே: 42 அமெரிக்கக் கேலன், 35 இம்பீரியல் கேலன், 159 லிட்டர். தோராயமே அன்றாடத்துக்குப் போதும்.

பாலம்_பணியாளர் எழுதியது:

கணக்கர் ஐயா சொல்லும் விகிதம் அழகானது. ஆனால் தோராயம் போதுமா என்பது எதற்காகக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. விமான எரிபொருள் தொடர்பான பணியில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். லாரியிலிருந்து எரிபொருள் லிட்டரில் ஏறுகிறது. விமானிக்கோ எடை வேண்டும். இடையில் அடர்த்தியால் பெருக்க வேண்டும்.

1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்ததை எங்கள் துறையில் எல்லோரும் அறிவார்கள். ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், போயிங் 767, கிலோகிராமில் கணக்கிட வேண்டிய புதிய வகையைச் சேர்ந்தது. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. தொட்டிகளில் 7,682 லிட்டர் மீதமிருந்தது. லிட்டருக்கு 0.803 கிலோகிராம் என்று பெருக்கியிருக்க வேண்டும். ஆனால் லிட்டருக்கு 1.77 என்று பழகிய எண்ணால் பெருக்கினார்கள். அந்த 1.77, லிட்டருக்குப் பவுண்டு. ஆகவே 13,597 என்று வந்த விடையைக் கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு, மீதிக்கு 4,917 லிட்டர் மட்டும் ஏற்றினார்கள். உண்மையில் ஏற்றியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். நடுவானில், 41,000 அடி உயரத்தில், எரிபொருள் தீர்ந்தது. விமானிகளின் திறமையால் கிம்லி என்னும் ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்து இறங்கி, அனைவரும் உயிர் தப்பினார்கள்.

இங்கே பெருக்கலிலும் கழித்தலிலும் ஒரு பிழைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நானே தாளில் போட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசி இலக்கம்வரை சரியாக இருக்கிறது. 1.77 என்னும் எண்ணின் பக்கத்தில் அதன் அலகு எழுதப்படாமல் இருந்ததுதான் சிக்கல். விற்பனையாளரின் ‘500 ஜி.பி.டி.’யும் அதே வகைதான்.

ஆர்கேபுரம்_மாமி எழுதியது:

கேலன் உங்கள் பாடு. எங்கள் பாடு அவுன்ஸ். அங்கே கதை தலைகீழாகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. அமெரிக்கக் கேலன் சிறியது, ஆனால் அமெரிக்கத் திரவ அவுன்ஸ் பெரியது: 29.57 மில்லிலிட்டர். இம்பீரியல் அவுன்ஸ் 28.41தான். அவர்கள் கேலனை 128 அவுன்ஸாகவும், இவர்கள் 160 அவுன்ஸாகவும் பிரித்ததால் வந்த விளைவு இது. பைன்ட் என்றால் அமெரிக்காவில் 16 அவுன்ஸ், 473 மில்லிலிட்டர்; பிரிட்டனில் 20 அவுன்ஸ், 568 மில்லிலிட்டர். இங்கிலாந்துக் குறிப்பில் ஒரு பைன்ட் பால் என்றிருப்பதை அமெரிக்க அளவுக் குவளையால் ஊற்றினால் கஸ்டர்ட் கூழாகாமல் களியாகிவிடும்.

பேரக்குழந்தையின் பால்புட்டியில் ஒரு பக்கம் மில்லிலிட்டரும் மறுபக்கம் அவுன்ஸும் இருக்கின்றன. நான் மில்லிலிட்டர்ப் பக்கத்தை மட்டுமே பார்க்கிறேன், ஏனெனில் இங்கே விற்கும் பால்பொடி டப்பாவில் எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது மில்லிலிட்டரில்தான் இருக்கிறது. மருந்துக்கும் அப்படியே: தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவில் மட்டும் மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர், மற்ற இடங்களில் 15. மகள் மெல்போர்னிலிருந்து அனுப்பும் கேக் குறிப்புகளில் இதைப் பார்த்துத்தான் அளக்கிறேன்.

கோப்பையும் பல வகை. அமெரிக்கக் கோப்பை 237, அங்கே ஊட்டச்சத்துச் சீட்டில் 240, மெட்ரிக் கோப்பை 250, மின்சார ரைஸ் குக்கருடன் வரும் கோப்பை 180. ஆனால் ஒரே குறிப்பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பையால் அளந்தால் விகிதம் மாறாது. முட்டை மட்டும் கோப்பைக்கு அடங்காது என்பதால் அங்கேதான் கவனம் தேவை.

அப்புறம், ஊரில் நாங்கள் எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அளந்தோம். பக்கத்து ஜில்லாவிலிருந்து மருமகளாக வந்தவர் கொண்டுவந்த படி எங்கள் படியைவிடச் சற்றுச் சிறியது. இரண்டிலும் எட்டு ஆழாக்குதான். கேலன் சண்டையைப் படித்ததும் அந்த இரண்டு படிகளும் நினைவுக்கு வந்தன.

முனிர்கா_இளைஞன் எழுதியது:

மேலே நான் எழுதியது அவசரமானது என்பதை ஓவர்சியர் ஐயாவின் வகுத்தல் காட்டிவிட்டது, நன்றி. ஆனால் ஒரு கேள்வி. நம் நாட்டில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956லேயே வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் உள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் மெட்ரிக் அலகுகளையே அடிப்படையாகக் கொள்கிறது. மும்பையிலும் பெங்களூரிலும் குடிநீர் வழங்கலை மில்லியன் லிட்டரில் சொல்கிறார்கள். நம் வீட்டுத் தண்ணீர் மீட்டர் கிலோலிட்டரில் ஓடுகிறது; மாதம் 20 கிலோலிட்டர் வரை இலவசம் என்பதும் கிலோலிட்டரில்தான். பிறகு தில்லியில் மட்டும் நிலையங்களின் திறனை ஏன் எம்.ஜி.டி.யில் சொல்ல வேண்டும்?

ஓய்வுபெற்ற_ஓவர்சியர் எழுதியது:

பழைய நிலையங்களின் வரைபடங்கள், குழாய்களின் திறன் அட்டவணைகள், மாநிலங்களுக்கிடையே நீர்ப் பங்கீட்டுப் பேச்சுகள் எல்லாம் கன அடியிலும் கேலனிலும் எழுதப்பட்டவை. வாய்க்காலில் வரும் நீரை வினாடிக்குக் கன அடியில் அளந்து, நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை எம்.ஜி.டி.யில் சொல்லும் வழக்கத்தில், 0.54ஆல் பெருக்கினால் வேலை முடிகிறது என்னும் வசதி பொறியாளர்களுக்கு இருந்தது. அந்த வசதி பொதுமக்களுக்கு இல்லை. பத்து லட்சம் கேலன் என்றால் எத்தனை வீடுகளுக்கு என்று நாளிதழ் வாசகர் கணக்கிட முடியாது. லிட்டரில் சொன்னால் ஆளுக்கு இவ்வளவு என்று உடனே வகுத்துவிடுவார். தம்பியின் கருத்தோடு எனக்கு உடன்பாடே. தமிழ்நாட்டிலும் அணைகளின் இருப்பை இன்னும் டி.எம்.சி.யில்தான் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, அதாவது 2,832 கோடி லிட்டர்.

மயூர்விஹார்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சந்திராவல், சோனியா விஹார் எண்களை வகுத்துக் காட்டியதும் பொருளாளர் உடனே ஒப்புக்கொண்டார். அவரும் பாதி வெற்றி தமக்கே என்கிறார். விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டதில், அமெரிக்கக் கேலன்தான், நாளொன்றுக்கு 1,893 லிட்டர் என்று பதில் வந்துள்ளது. 600 ஜி.பி.டி. கருவி எடுத்தால் 2,271 லிட்டர் வரும், அது போதுமா?

இன்னொன்று. நிலத்தடித் தொட்டியை அளந்ததில் உட்புறம் 20 அடி நீளம், 12 அடி அகலம், நீர் நிற்கும் உயரம் 8 அடி. குழாய் வேலைக்கு வந்தவர் 20, 12, 8ஐப் பெருக்கி 1,920 என்று கண்டு, அதை 0.3048ஆல் பெருக்கி 585 கன மீட்டர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐந்து லட்சத்து எண்பத்தைந்தாயிரம் லிட்டர் இந்தத் தொட்டியில் அடங்காது என்று பார்த்தாலே தெரிகிறது.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர் எழுதியது:

0.3048 என்பது நீளத்துக்கான எண். கன அளவுக்கு அதை மூன்று முறை பெருக்க வேண்டும்: 0.0283. ஆகவே 1,920 கன அடி என்பது 54.4 கன மீட்டர், அதாவது 54,368 லிட்டர். அடியிலேயே பெருக்கி 28.3168ஆல் முடிக்கலாம், அல்லது முதலிலேயே மூன்று அளவுகளையும் மீட்டருக்கு மாற்றி, 6.096, 3.658, 2.438 என்று பெருக்கலாம். இரண்டு வழிகளிலும் ஒரே விடை வந்தால் நிம்மதி.

கருவியைப் பொறுத்தவரை, 600 ஜி.பி.டி.யும் உங்களுக்குப் போதாது என்றே நினைக்கிறேன். முதலாவதாக, அந்த எண் இருபத்து நான்கு மணி நேரமும் இடைவிடாமல் ஓடும் சவ்வுக்கு உரியது. இரவில் கருவியை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் பாதியே கிடைக்கும். இரண்டாவதாக, சவ்வின் திறன் 25 பாகை செல்சியஸ் நீரில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அழுத்தத்தில், குறிப்பிட்ட உப்பளவில் சோதிக்கப்பட்டது. நீர் குளிர்ந்தால் அதன் பிசுபிசுப்பு கூடிச் சவ்வின் வழியே மெதுவாகவே கசியும். ஒவ்வொரு பாகை குறைவுக்கும் சுமார் மூன்று சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். தில்லி ஜனவரியில் மாடித் தொட்டி நீர் 15 பாகைக்கு இறங்கினால், 2,271 லிட்டர் என்பது 1,700 லிட்டருக்குக் கீழே வந்துவிடும், அதுவும் இரவு பகலாக ஓட்டினால்.

எனவே புதிய விலைப்புள்ளியில் கேலன் என்னும் சொல்லே வேண்டாம் என்று கேளுங்கள். மணிக்கு இத்தனை லிட்டர் சுத்தமான நீர், உள்ளே வரும் நீர் 15 பாகையில் இருக்கும்போது, நாளொன்றுக்குப் பத்து மணி நேர ஓட்டத்தில் 2,000 லிட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். அப்படியானால் மணிக்கு 200 லிட்டர் தேவை. வெளியேறும் கழிவு நீர் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

மயூர்விஹார்வாசி எழுதியது:

அப்படியே கேட்டு இன்று கடிதம் அனுப்பிவிட்டோம், ஐயா. கழிவு நீரைத் தரை கழுவுவதற்குத் தனித் தொட்டியில் சேர்ப்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.